கறுப்பு மையில் ஒரு கல்யாணப் பத்திரிகை

கோவில்பட்டியில் பிரஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு ஒரு சட்டம் சொல்லித் தந்தார்கள். மஞ்சளும் சிவப்பும் கல்யாணத்துக்கு, கறுப்பு கருமாதிக்கு. டிசைன் செக்‌ஷனில் உட்கார்ந்து தலை நரைத்த பிறகும் அதை நான் மீறவில்லை, செல்வி வரும்வரை.

செல்வி சென்னையில் வேலை பார்ப்பவள். முப்பத்தைந்து தாண்டித்தான் கல்யாணம் கூடியிருந்தது. பத்திரிகைக்கென்று, தானே சீன பாணியில் மையால் வரைந்த படத்தைக் கொண்டுவந்தாள். கன்னங்கரேலென்று ஒரு கோணல் கிளை. இலை ஒன்றுகூட இல்லை, அங்கங்கே பூ. பாதித் தாள் காலி.

அவள் அப்பா விளாத்திகுளம் பக்கம் மிளகாய் போடும் சம்சாரி. ப்ரூஃபை வாங்கிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார்.

"அண்ணாச்சி, பட்ட மரத்தப் போட்டு, அதையும் கறுப்புல அடிச்சுக் குடுத்தா, வாங்குறவன் தலை முழுகிட்டுல்லா வருவான்."

நியாயம்தான். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இதுவும் கெட்டுவிடுமோ என்று அவருக்குப் பயம். இலை வைக்கச் சொன்னார், வைத்தேன். கிளி கேட்டார், வைத்தேன். காலி இடத்தில் தாய்மாமன்மார் பேரை இறக்கச் சொன்னார், இறக்கினேன். மானிட்டரில் சீனா மறைந்து கறிவேப்பிலைக் கொத்து நின்றது.

அதைப் பார்த்துச் செல்வியின் முகம் வாடிவிட்டது. அது பிளம் பூவாம். பனியில் மற்ற மரமெல்லாம் ஒடுங்கிக் கிடக்கும்போது, இலைக்குக்கூடக் காத்திராமல் பூக்குமாம். காலி இடம்தான் பனியாம்.

"இலை வச்சா அது வேற பூப்பா. 'இனிமே இவளுக்கு எங்க'ன்னு ஊரே சொன்னப்பவும் நான் அசரலைல்லா, அதுக்குத்தான் இது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூவை உற்றுப் பார்த்தார். இதழ் ஏன் அஞ்சு என்று கேட்டார். அஞ்சும் அஞ்சு பாக்கியம் என்று செல்வி அடுக்கினாள்: நீண்ட ஆயுள், செல்வம், ஆரோக்கியம், நல்ல குணம். நாலோடு நிறுத்திக்கொண்டாள்.

"அஞ்சாவது எங்கட்டி?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மவுஸைப் பார்த்தேன்.

"கஷ்டப்படாத சாவுப்பா."

ஆர்டர் போச்சு என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"அது கெடைக்கணுமே. மத்த நாலும் இருந்து, அது அமையாமக் கெடந்தவிய எத்தனை பேரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "இலையத் தூக்கிருங்க அண்ணாச்சி. பிள்ள வரைஞ்சாப்லயே இருக்கட்டும்."

இலையைத் தூக்கினேன். கிளியும் பறந்தது. தாய்மாமன்மாரை மட்டும் விட முடியாதே, அவர்களுக்கு உள்ளே தனித்தாள் அடித்தோம். அடித்து வந்த பத்திரிகைகளின் நாலு மூலையிலும் செல்வியின் அப்பா மஞ்சளைக் கொஞ்சம் தாராளமாகவே தடவினார்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில், அது என்ன மரம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர்தான் விளக்கிக்கொண்டிருந்தார், தன் புஞ்சையில் நிற்கும் மரம் மாதிரி. சம்பந்தியும் வந்து இதழ் ஏன் அஞ்சு என்று கேட்டார். இவர் நாலு பாக்கியத்தை ஒழுங்காகச் சொன்னார்.

"அஞ்சாவது பேரம்பேத்தி, சம்பந்தி."

டிசைன் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். இலை வைக்கும் முன் அது ஏன் இல்லை என்று கேளுங்கள். கேட்டதை எல்லாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.