வெறும் புல் என்று நினைத்த தேசம்

பிரிக்பீல்ட்ஸில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், மங்கோலியப் பேரரசைப் பற்றிப் பேசுவதாக நானே கையைத் தூக்கிவிட்டேன். கிள்ளான் துறைமுகத்தில் லோரிகளை அனுப்பும் வேலை எனக்கு. மேடையேறிப் பழக்கமே இல்லை.

இரண்டு வாரம் படித்தும் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. பக்கத்திலேயே சீனாவின் செல்வம் இருக்க, வோல்கா ஆறுவரை மேற்கே எதற்குப் போனார்கள்?

பேச்சுக்கு முந்தின நாள், பண்டமாரானில் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டின்போது இதைச் சொல்லிப் புலம்பினேன். "அங்க வெறும் புல்லுதாங்க இருக்கு."

லோரி ஓட்டும் என் கணவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார். "அவங்க எதுல போனாங்க?"

"குதிரையில. ஒரு ஆளுக்கே பல குதிரை."

"அப்புறம் என்ன வெறும் புல்லு? டீசல் இல்லாம நான் ஜொகூர் போய்ச் சேருவேனா லா?"

எச்சில் கையோடு நோட்டை எடுக்க ஓடினேன். புல்லிருந்தால் குதிரை. அங்கே ஏற்கெனவே வாழ்ந்த கிப்சாக் மக்களும் குதிரை வீரர்கள். தோற்றவர்களையே படையில் சேர்த்துக்கொண்டார்கள். வடக்கே ரஷ்ய நகரங்களின் திறை வேறு! எழுத எழுதக் கை ஓடியது.

"சோறு ஆறுது!" என்றார் அவர். எனக்குப் பசியே போய்விட்டது.

மறுநாள் கூட்டத்தில் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினேன். புல்லில் தொடங்கி, வோல்காக் கரையிலிருந்து மேற்குப் பகுதியை ஆண்ட இளவரசர்வரை பேசிக்கொண்டே போனேன். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி ஒருவர் குறுக்கிட்டார்.

"அவ்வளவு பலம் இருந்தா, மேற்க ஆண்டவரே பேரரசர் ஆயிருக்கலாமே?"

அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்!

"அவரு பேரரச உருவாக்கினவரோட பேரன், அக்கா. ஆனா அவரோட அப்பா நெசமாவே அந்தப் பேரரசருக்குப் பொறந்தவர்தானான்னு குடும்பத்துலயே முணுமுணுப்பு. அதனால ஒன்னுவிட்ட தம்பியைப் பேரரசராக்கணும்னு நின்னாரு. மத்தவங்க எதிர்த்தாங்க. சொந்தத் தம்பியப் படையோட அனுப்பி, முடிசூட்ட வச்சாரு!"

"அடேயப்பா! இங்க உட்கார்ந்துகிட்டே அங்க ராஜாவ வச்சாரா?" என்று அவர் எழுந்து வந்து, வரைபடத்தில் வோல்காவிலிருந்து மங்கோலியாவரை விரலால் இழுத்துப் பார்த்தார். அறையே வரைபடத்தைச் சுற்றிக் கூடிவிட்டது.

கூட்டம் முடிந்தும் அந்த அக்கா என்னை விடவில்லை. ரயில் நிலையத்துக்கு இருவரும் பேசிக்கொண்டே நடந்தோம். கிள்ளான் ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போயும் விட்டது. நாங்கள் இன்னும் குதிரைகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.