கொல்லையில் கட்டிய அடுப்பு

என் கணவருக்கு நான் இரண்டாவது மனைவி. முதலாமவள் காய்ச்சலில் போய்ச் சில வருஷம் கழித்து, ஒக்கூர்ப் பக்கம் இருக்கும் அவர் வீட்டுக்கு நான் வந்தேன். உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் சண்டை போட்டாவது தீர்த்துக்கொள்ளலாம். செத்துப்போனவளோடு என்னவென்று மல்லுக்கு நிற்பது?

வீடு முழுக்க இருந்தாலும் அடுக்களையில்தான் அவள் அதிகம் இருந்தாள். நல்ல உயரமாம். அலமாரித் தட்டுகளை அவள் உயரத்துக்கு அடித்திருந்தார்கள். புளிச்சாடியை எடுக்க நான் முக்காலி போட வேண்டும். மாமியார் என் சமையலைக் குறை சொன்னதில்லை. "அவ கைமணம் யாருக்கு வரும்" என்று பெருமூச்சு மட்டும் விடுவார். அவள் பெற்ற மகள் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவாள். அந்தப் பிள்ளை என்னை அம்மா என்றும் கூப்பிட்டதில்லை, சித்தி என்றும் கூப்பிட்டதில்லை. சில மதியங்களில் பாத்திரம் கழுவும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். திரும்ப மாட்டேன். திரும்பினால் அவள் இருப்பதை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று ஒரு வீம்பு.

தை கழிந்ததும் கொல்லையில் விறகடுப்பு கட்டப்போவதாகச் சொன்னேன். சிலிண்டர் மிச்சமாகும் என்று காரணம் சொன்னேன். அது வெளிக்காரணம். அவள் நிற்காத ஓர் இடத்தில் நின்று, என் கையால் ஒரு குழம்பு வைத்து, அதை இந்த வீடு ரசித்துச் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் எனக்கு.

அதிகம் செலவு செய்யக் கூடாது என்று கணவர் சொல்லிவிட்டார். பிரித்த மாட்டுக்கொட்டகைத் தகரம் கூரைக்கு ஆனது. தளத்துக்குக் குளியலறை கட்டி மிஞ்சிய சிமெண்ட். பாத்திரம் வைக்கும் மேடைக்கு, காரைக்குடிக் கல்கடையில் மூலை உடைந்த கடப்பாக்கல்லைப் பேரம் பேசி வாங்கினேன். செங்கல்தான் இல்லை. வேலியோரம் ஆவாரம் புதருக்குப் பின்னால் ஒரு குவியல் கிடந்தது, எல்லாம் ஒரு பக்கம் கரி ஏறிய கல். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்தா பார்ப்பார்கள்? கரிப் பக்கம் உள்ளே போகும்படி அடுக்கி, செம்மண்ணைக் குழைத்து, கொத்தனார் இல்லாமல் நானே கட்டினேன். என் உயரத்துக்குக் கட்டினேன்.

சாணி போட்டு மெழுகிக்கொண்டிருந்தபோது மாமியார் வந்தார். கல்லை எங்கே எடுத்தாய் என்று கேட்டார். சொன்னேன். குனிந்து அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: குழம்பு வைப்பதென்றால் அவள் கொல்லை அடுப்பில்தான் வைப்பாளாம். அவள் போன பிறகு அந்த அடுப்பைப் பார்த்துப் பார்த்து மகன் அழுததால், மாமியாரே கடப்பாரையால் இடித்து வேலியோரம் தள்ளினாராம்.

"கட்டுனது கட்டிட்ட. மொதல்ல அவளுக்குப் பொங்கி வச்சுக் கும்பிட்டுட்டு, அப்புறம் நம்ம சாப்பிடுவோம்" என்றார்.

சுமங்கலியாகப் போனவள் எங்களுக்கு வீட்டுச் சாமி. ஆடியில் புதுச்சேலை வைத்து, படையல் போட்டுக் கும்பிடுவோம். அந்தப் படையலையும் நான்தான் சமைக்கிறேன். அது போதாதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது நான் கட்டுன அடுப்பு அத்தை. மொதல்ல வீட்டுக்குத்தான் வைப்பேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி வாங்கி வரச் சொன்னேன். அவள் தேங்காய் அரைத்து ஊற்றுவாளாம். நான் ஒரு சில்லுகூடச் சேர்க்கவில்லை. சிங்கம்புணரியில் என் அம்மா வைக்கிற பக்குவத்தில் மிளகைத் தூக்கலாகப் போட்டு இறக்கினேன்.

பிள்ளை இரண்டாம் தடவை சோறு கேட்டாள். அப்புறம் இன்னொரு தடவை. தட்டை வழித்துக்கொண்டே, "எங்கம்மா வச்ச மாதிரியே இருக்கு, சித்தி" என்றாள்.

கணவரின் கை சோற்றிலேயே நின்றது. குனிந்த தலை நிமிரவில்லை. கண்ணீர் தட்டில் விழுந்தது. மாமியார் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் கொல்லைக் கதவைப் பார்த்தார். நானும் அன்றுதான் திரும்பிப் பார்த்தேன். புகைதான் இருந்தது. சித்தி என்று பிள்ளை கூப்பிட்ட முதல் நாள் அது. அந்தச் சந்தோஷத்தைக்கூட முழுசாக அனுபவிக்க என்னை அவள் விடவில்லை.

இந்த ஆடிப் படையலை வெளியடுப்பிலேயே சமைத்தேன். சேலை வைத்து, இலை போட்டு, எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். என் முறை வந்தது. நெற்றியைத் தரையில் வைத்து, சத்தம் வெளியே வராமல் அவளிடம் பேசினேன். வீடு உனக்கே இருக்கட்டும், புருஷனையும் பிள்ளையையும் பங்கு போட்டுக்கொள்வோம், ஒரே ஒரு குழம்பை மட்டும் எனக்கு விட்டுக்கொடு என்று கேட்டேன்.

பிறகு எழுந்து பரிமாறினேன். பிள்ளை முதல் வாய் வைக்கும்போது அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணை மூடி மென்றாள். யாரை நினைத்துக்கொண்டு மென்றாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.