விமலேஸ்வரியின் வீட்டில் எடுத்த படம்

2004 ஆவணியில், வவுனியா வைரவபுளியங்குளத்தில் விமலேஸ்வரியும் கௌசலாவும் வாடகைக்கு இருந்த வீட்டைப் படமெடுக்கக் கேட்டு அருந்ததி வந்தாள். கொழும்புக்காரி. தன் முதற்படத்தைச் சொந்தச் செலவில் எடுக்கிறவள். குசினி யன்னலால் விழுந்த வெளிச்சம் பிடித்துப்போய்த்தான் அந்த வீட்டைக் கேட்டாள். வேறு எதுவும் அவளுக்குத் தெரியாது.

விமலேஸ்வரி ஸ்கந்தபுரத்துக்காரி, தையல் தொழில். கௌசலாவின் ஊர் முரசுமோட்டை, மருந்துக்கடையில் வேலை. தொண்ணூற்றாறில் சண்டையால் இடம்பெயர்ந்து வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தவர்கள். அதன் பிறகு பிரிந்து இருக்கவில்லை. அயலுக்கு, பெரியம்மா மகள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஒருவரில்லாமல் மற்றவர் இல்லை என்பது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

அருந்ததியின் படமும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் இரண்டு பெண்களைப் பற்றியதுதான். மூன்றாம் நாள் அவர்கள் சண்டை பிடிக்கும் காட்சி. நடிகை கோப்பையை எறிந்து கத்தினாள். வாசலில் நின்று பார்த்த விமலேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, இப்பிடிச் சண்டை பிடிக்க மாட்டினம்," என்றாள்.

"ஏன் அக்கா?"

"சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேக்குமெல்லே. கோவமெண்டாலும் மெல்லமாத்தான். ஒராள் உடுப்பு மடிச்சுக்கொண்டிருப்பா. மற்றவாவின்ர சோத்தை மூடி வைப்பா. ஆனா முகம் பாக்க மாட்டா."

அருந்ததி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் காட்சியை அப்படியே மாற்றி எடுத்தாள். அந்நேரம் கௌசலா கடையில் நின்றாள்.

2006 ஆனியில் அந்தப் படத்துக்கு ஐரோப்பாவில் ஒரு விழாவில் விருது கிடைத்தது. பேப்பரில் செய்தி வந்தது, வவுனியாவில் எடுத்த படம் என்று. அருந்ததி ஒரு சீடி அனுப்பினாள். ஞாயிறு மத்தியானம் கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து இருவரும் பார்த்தார்கள். சோற்றை மூடி வைக்கிற இடம் வந்ததும் கௌசலா எழும்பிவிட்டாள்.

"வீட்டைக் குடுத்தாய், சரி. என்னை ஏன் குடுத்தனீ?"

"ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுதே!"

அடுத்த கிழமை, முன்வீட்டுச் செல்வநாயகம் மருந்து வாங்க வந்த இடத்தில், "உங்கட வீட்டிலதானே எடுத்தவை? எப்பிடியான படம் அது பிள்ளை?" என்று கேட்டார். அவர் சும்மாதான் கேட்டிருப்பார். கௌசலா எண்ணிக்கொண்டிருந்த குளிசை எல்லாம் மேசையில் கொட்டுப்பட்டது. ஆவணி முதற் கிழமை, தமையன் வீட்டில் கொஞ்ச நாள் நிற்கப் போறன் என்று முரசுமோட்டைக்குப் பஸ் ஏறினாள். அவள் போய் ஆறாம் நாள், சண்டை திரும்பத் தொடங்கி, அந்தப் பக்கம் போகிற ஒரே வழியான ஏ-ஒன்பது பாதையைப் பூட்டினார்கள்.

பல மாதம் கழித்து, ஆரோ ஒருவரின் கையில் ஒரு துண்டுக் கடிதம் வந்தது. "கோவம் போயிட்டுது. பாதைதான் இல்லை." அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. விமலேஸ்வரி பள்ளிக்கூடச் சீருடை தைத்தாள்; றேடியோவில் சண்டை நடக்கிற ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாய் வரும்போது மெஷினை நிற்பாட்டிவிட்டுக் கேட்பாள். அருந்ததிக்கு மட்டும் இரண்டு தரம் போன் எடுத்து அழுதாள்.

2009 வைகாசியில் சண்டை முடிந்தது. வெளியேறிய சனத்தைச் செட்டிகுளத்து முகாம்களில் அடைத்திருந்தார்கள். மூன்று கிழமை விமலேஸ்வரி முட்கம்பி வேலிக்கு வெளியே போய்ப் போய் நின்றாள். கடைசியில் முரசுமோட்டை மனிசி ஒருத்தி, கௌசலா எந்தப் பக்கத்தில் இருக்கிறாள் என்று சொன்னாள்.

முகாம் வாசலில், பார்க்க வருகிறவர்களைப் பதிகிறவர் கேட்டார்: "அவா உங்களுக்கு என்ன முறை?"

விமலேஸ்வரிக்குப் பெரியம்மா மகள் என்ற சொல் வாயில் வரவில்லை. "எங்கட வீட்டு ஆள்," என்றாள்.

அவர் "சகோதரி" என்று எழுதினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவளை முதலில் அடையாளம் தெரியவில்லை. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். காலில் காயம். தமையன் மாத்தளனில் ஷெல் விழுந்து செத்துப்போனார் என்றாள். பிறகு, "நீ மெலிஞ்சு போனாய்," என்றாள். இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சுற்றிவர எல்லாரும் அழுதுகொண்டிருந்ததால் ஆரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்கழியில் வெளியே விட்டார்கள். கௌசலாவோடு தமையனின் மனைவி பத்மாசனியும் வந்தாள். அக்கராயனில் உள்ள தாய்வீட்டில் திரும்பக் குடியேறப் பதிவு கிடைக்கும்வரை அவர்களோடு தங்கினாள். இரண்டு பேரும் பேசுவதை, சாப்பிடுவதை, படுப்பதை எல்லாம் அவள் கண்டுகொண்டுதான் இருந்தாள். ஒருநாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்:

"பங்கருக்குள்ள இருக்கேக்கை, வெளியில குண்டு விழ மற்றச் சனம் எல்லாம் கடவுளைக் கூப்பிடும். இவா உங்கட பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவா."

விமலேஸ்வரி துருவின தேங்காயை அள்ளிச் சட்டியில் போட்டாள்.

"துருவின தேங்காய் காணுமோ, இன்னும் வேணுமோ?" என்று கேட்டாள் பத்மாசனி.

"காணும் அண்ணி," என்றாள் விமலேஸ்வரி. அவளை அண்ணி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.