காய்ந்த கிலுகிலுப்பையைத் தேடி வந்தவை

கிணத்துக்கடவு தாண்டி எங்கள் கார் பஞ்சரானபோதுதான் அந்தச் செடியைப் பார்த்தேன். ரோட்டோரம் இடுப்பளவு உயரத்தில் நின்றது. உச்சியில் கொத்தாக மஞ்சள் பூ, கீழே காய்ந்த காய்கள். ஆட்டினால் உள்ளே விதைகள் கிலுகிலுவென்றன. கிலுகிலுப்பைதான். என் கணவர் டயரை மாற்றி முடிப்பதற்குள் துப்பட்டா முனை நிறையக் காய் பறித்துவிட்டேன்.

"காட்டுச் செடிக்கு இத்தன ஆசையா அம்மணி?" என்று சிரித்தார்.

மதுக்கரையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் விதைத்தேன். தினமும் காலையில் காபிகூடக் குடிக்காமல் போய்க் குனிந்து பார்ப்பேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. கிளறிப் பார்த்தால் விதைகள் கல் மாதிரி அப்படியே கிடந்தன. தோல் அவ்வளவு கெட்டி! மிச்சமிருந்த விதைகளை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துத் தண்ணீரில் ஊறப்போட்டேன். மறுநாள் உப்பியிருந்தன. ஊன்றிய அதே வாரம் மண்ணைப் பிளந்துகொண்டு பச்சை எட்டிப் பார்த்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா, பாம்பு வந்துவிட்டதோ என்று ஓடிவந்தார்.

ஆடியில் ஊன்றியது, புரட்டாசியில் மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கியது. ஐப்பசி கடைசியில் வெறும் குச்சியாகிவிட்டது. ஒரு பருவத்துச் செடிக்கு ஆயுள் அவ்வளவுதான்.

"காஞ்சுதான போச்சு? புடுங்கிப்போட்டு கீர வெதைக்கலாம்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் களைக்கொத்துடன் இறங்கினார். நாலைந்தைப் பிடுங்கிச் சுவரோரம் போட்டவர், கைகழுவ உள்ளே வந்தார். திரும்பப் போனவரின் குரல் வந்தது.

"அம்மணி, ஓடி வா! சத்தம் போடாத!"

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

பிடுங்கிப்போட்ட குச்சிகளையே காணோம். அவற்றின் மேல் கறுப்பில் இளநீலக் கோடு போட்ட பட்டாம்பூச்சிகள் அப்பிக்கிடந்தன. காய்ந்த தண்டைக் காலால் சுரண்டிச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சின. மேலும் மேலும் வந்து இறங்கின. கணவரின் சட்டையில்கூட இரண்டு உட்கார்ந்தன. கையைத் தூக்கியபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "பூ இருந்தப்ப வராம, காஞ்சதுக்கா வந்திருக்குதுங்க!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று மதியச் சமையல் நடக்கவேயில்லை. வெயில் சாயும்போது அவை கூட்டமாக எழும்பி, மேற்கே மலைப்பக்கம் பறந்தன. கணவர் மீதிச் செடிகளைப் பிடுங்காமல், களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய் ஷெட்டில் வைத்துவிட்டு வந்தார்.