பீரிசில் காயாத எண்ணெய்

செல்ஃப் மோட்டார் வெறுமனே சுற்றும் சத்தம் ஒன்று இருக்கிறது. எஞ்சின் பற்றாது. பட்டனை அமுக்க அமுக்க, பற்றரி இறங்கி, தொண்டை கட்டியதுபோல் அந்தச் சத்தம் தேய்ந்துகொண்டே போகும். கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் எவராவது பைக்கோடு அப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. கையில் உள்ள வேலையை விட்டுவிட்டு எழுந்துவிடுவேன். உதவப் போவேன் என்று நினைக்காதீர்கள், அந்த இடத்தை விட்டே போய்விடுவேன். ஒருநாள் ராத்தா வீட்டு முற்றத்தில் நின்று இரண்டு மணிநேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டவன் நான்.

ராத்தா என் மூத்த சகோதரி; அப்போது நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். அவருடைய கணவரான மச்சானுக்கு ஹார்ட்வெயார் கடையில் வேலை. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று யாராவது கடைக்கு வந்தால் உடனே சாமானை எடுத்துக் கொடுக்கமாட்டார். கடைசியாக எப்போது ஓடியது, யார் கைவைத்தது, கைவைத்தவர் என்ன செய்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். "சாமான் பேசாது மச்சான், ஆளுதான் பேசணும். ஆளு உண்மையச் சொன்னா பாதி வேல முடிஞ்சிரும்" என்பார் என்னிடம். அவருக்கு நானும் மச்சான்தான். எனக்கோ அவசர புத்தி. கேட்கிற நேரத்துக்குக் கழற்றிப் பார்த்துவிடலாமே என்று சிரிப்பேன். அவர் கேட்பதோடு நிற்பதில்லை, சொன்னதை அப்படியே நம்பவும் செய்வார். நம்பித்தான் எதைக் கழற்றுவது, எதை விடுவது என்று முடிவு செய்வார்.

அது பெற்றோலுக்காக இரண்டு நாள், மூன்று நாள் வரிசையில் கிடந்த காலம். மச்சான் எப்படியோ கொஞ்சம் அடித்து டாங்கியில் வைத்திருந்தார். திகனையில் அவரைப் பெற்ற உம்மா படுத்த படுக்கையாக இருந்தார். பாலத்தடிவரை போய்வருகிறேன் என்று நான் பைக்கைக் கேட்டபோது, "உம்மாகிட்ட ஒரு பயணம் போறதுக்கு வெச்சீக்கிற எண்ண மச்சான், பாத்துப் போங்க" என்று சொல்லித்தான் சாவியைத் தந்தார். நான் பாலத்தடிக்குப் போகவில்லை. கடுகண்ணாவைக்குப் போனேன். அங்கே கூட்டாளி ஒருவன் வீட்டில் கெரம் பலகையில் காய் அடிக்கும் போட்டி. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் காரணம் அவ்வளவுதான்.

திரும்பி வரப் பார்த்தால் பெற்றோல் முள் அடியில் கிடந்தது. கூட்டாளி மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்தான். "சூடா இருக்கக்கொள்ள ஓடும்டா, இப்ப எல்லாரும் இதுதானே செய்றானுகள்" என்றான். முள் பழைய இடத்துக்கு ஏறும்வரை ஊற்றினேன். அவன் சொன்னது சரிதான். சூடான எஞ்சின் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டே என்னை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தது. முள் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது, இனி யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த நாள் பத்தரை மணிபோல அயல்வீட்டுக்காரர் ஓடிவந்தார். மின்வெட்டில் மச்சானின் போன் செத்துக் கிடந்ததால் செய்தி அவருடைய போனுக்கு வந்திருந்தது. உம்மா காலமாகிவிட்டார், மவுத். ஜனாஸா நண்பகல் லுஹர் தொழுகையோடு அடக்கம். திகனைக்கு பைக்கில் முக்கால் மணிநேரம்கூட ஆகாது. மச்சான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பட்டனை அமுக்கினார். சுற்றியது, பற்றவில்லை. மறுபடி அமுக்கினார். ஆறிக் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எங்கே பற்றும்?

"நேத்து ஓடக்கொள்ள ஏதாச்சும் வித்தியாசம் தெரிஞ்சிச்சா மச்சான்? ஏதாச்சும் செஞ்சீங்களா?"

"இல்லயே. நல்லாத்தானே ஓடிச்சி" என்றேன்.

அவர் நம்பினார். பெற்றோலை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்க்கத் தொடங்கினார். பிளக்கைக் கழற்றினார். எஞ்சின் உடம்பில் வைத்துச் சுற்றவிட்டால் நீலமாகப் பொறி வந்தது. பிளக்கை மூக்கருகே கொண்டுபோனவர் சற்று நிதானித்தார். "மண்ணெண்ண மாதிரி மணக்குது" என்றார். பிறகு தன் விரல்களை மணந்து பார்த்தார். அன்று காலை அடுப்புக்கு அவர்தான் மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தார். காஸ் இல்லாத அந்த நாட்களில் எல்லார் கையிலும் அந்த மணம்தான். "வேற எண்ண ஒண்டும் ஊத்தல்லதானே?" என்று இன்னொரு தரம் கேட்டார். கதவடியில் ராத்தா அழுதுகொண்டு நின்றார். அந்த முகத்துக்கு முன்னால் கெரம் என்று எப்படிச் சொல்வது? "இல்ல" என்றேன்.

பிறகு காற்று ஃபில்டர், கொயில் வயர், ஃபியூஸ். இறக்கத்தில் தள்ளிவிட்டுப் பார்த்தோம். கீழேவரை போய், திரும்ப இருவரும் மூச்சுவாங்க மேட்டில் தள்ளிக்கொண்டு வந்தோம். பஸ் ஓடவில்லை. அயலில் இருந்த பைக்குகளெல்லாம் பெற்றோல் இல்லாமல் காய்ந்து கிடந்தன. அவர் ஸ்குரூவைத் திருப்புவதைப் பார்த்துக்கொண்டு, ஸ்பானரை எடுத்துக் கொடுப்பதும் துணியை நீட்டுவதுமாக நான் ஓடி ஓடி வேலை செய்தேன். என்னைப்போல உதவியவன் அன்று யாருமில்லை.

கடைசியில், வேறு வழியில்லாமல், காபரேட்டருக்குக் கீழே உள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, ராத்தா கொண்டுவந்த வெள்ளைப் பீரிசில், தேத்தண்ணிக் கோப்பைத் தட்டில், கொஞ்சம் இறக்கினார். பெற்றோல் என்றால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். இது பீரிசில் பளபளவென்று அப்படியே கிடந்தது. மச்சான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பெற்றோல் செட்டுலயே கலந்து அடிச்சீக்கிறானுகள் போல" என்று நான் முந்திக்கொண்டேன். "இருக்கும்" என்றார் அவர்.

டாங்கியைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும்போது பள்ளிவாசலில் லுஹர் பாங்கு சொல்வது கேட்டது. அயல்வீட்டுக்காரர் தன் புல்வெட்டும் மெஷினில் இருந்த அரைப் போத்தல் பெற்றோலை வடித்துக்கொண்டு வந்தார். அதை ஊற்றி இறக்கத்தில் தள்ளியதுமே எஞ்சின் பற்றிக்கொண்டது. நாங்கள் திகனையில் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒருவர் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார். காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் அடக்கியதாகச் சொன்னார்கள். மச்சான் ஈர மண்ணில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "பைக் பிழ" என்ற ஒரே பதிலைத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகும் கேட்டபோதெல்லாம் சாவியைத் தந்தார். நான்தான் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். பெருநாள், கல்யாணம் என்று எத்தனையோ தரம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். ஒவ்வொரு தரமும் இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று போய், சொல்லாமலே எழுந்து வந்திருக்கிறேன்.

போன மாதம் மச்சான் உம்ரா யாத்திரைக்குப் புறப்பட்டார். புறப்படுமுன் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். அவர் என் வீட்டுக்கு வருகிறார் என்றதும் முடிவு செய்துவிட்டேன், இன்று சொல்லியே தீர்வது என்று. என்ன சொல்வதென்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்தார், தேத்தண்ணியைத் தொடவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், உம்மா மவுத்தான அண்டைக்கு நீங்கதான் என்னமோ ஊத்தீக்கிறீங்கண்டு நான் மனசுல நெனச்சிட்டேன். நீங்க ரெண்டு தரம் இல்லண்டு சொல்லியும் நெனச்சிட்டேன். பொய்யா ஒரு ஆளச் சந்தேகப்பட்ட பாவத்தோட எப்பிடி அங்க போறது? என்ன மன்னிச்சிருங்க."

ஒத்திகை பார்த்த வார்த்தைகள் அப்படியே நினைவில் இருந்தன. அவர் கண்கள் கலங்கியிருந்தன. என் கைகளை விடாமல் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"அதுக்கென்ன மச்சான், மன்னிச்சிட்டேன்" என்றேன்.