பாவு ஒரு சுவர், ஊடை ஒரு சுவர்

வாசல் நெற்றியில் சிமெண்டில் பதித்த 1958 இன்னும் அழியவில்லை. ராசிபுரத்தில் அந்த வீட்டைக் கட்டிய வீரபாகு ஹாலுக்குப் பச்சை அடித்தார். அதன்பின் மங்கும்போதெல்லாம் அதே பச்சைதான். மருமகள் நர்மதா அங்கே வந்தபோது வயது இருபத்திரண்டு, இப்போது ஐம்பத்தேழு. சமையலறையில் எந்த டப்பா எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதிலும் அவளிடம் யாரும் விருப்பம் கேட்டதில்லை.

போன மழையில் கிழக்குச் சுவர் ஊறிப் பெயர்ந்தது. பூசி முடித்ததும் பெயிண்டர் சென்றாயன், "என்ன கலருங்க?" என்றார். கணவர் தீனதயாளன் வாய் திறக்குமுன், "நானே எடுத்துட்டு வாரேனுங்க" என்றாள் நர்மதா.

தீனதயாளனுக்கு அக்கா கந்தம்மாளை நினைத்துக் கலக்கம். குமாரபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட அவள், தீபாவளிக்கு வந்தால் அப்பாவின் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, பச்சைச் சுவரை ஒரு பார்வை பார்த்த பிறகுதான் தண்ணீரே குடிப்பாள்.

"அக்கா சங்கடப்படும் புள்ள."

"அக்கா வருசத்துக்கு ரெண்டு நாள் பாக்குது. மீதி நாளெல்லாம் ஆருங்க பாக்கறது?"

தீனதயாளன் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

நர்மதா எதையும் தூக்கி எறியவில்லை. சாய்ந்த முதுகுள்ள தேக்கு நாற்காலிகள், கால் விரித்து நிற்கும் டீப்பாய், ரேடியோ இல்லாத ரேடியோ பலகை எல்லாம் இருக்கட்டும். அறுந்த பிரம்பை மட்டும் புதிதாகப் பின்னச் சொல்லியிருந்தாள். ஜன்னலுக்குக் கடுகு மஞ்சள் திரை தைத்தாயிற்று. சுவரின் நிறம் அவள் மனத்தில் வெகுநாளாக இருந்தது. கல்யாணத்துக்கு முன் அவளே தறியில் நெய்த மயில்கழுத்துப் பட்டு. அதில் ஒரு துண்டு பீரோவில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறினாள்.

செவ்வாய்ப்பேட்டை பெயிண்ட் கடையில் தீபிகா என்ற பெண் துண்டை நிறம் பார்க்கும் மெஷினில் வைத்தாள். அழுக்குச் சாம்பல் வந்தது. துணியைத் திருப்பி வைத்தாள், பாசி நிறம். இன்னொரு முறை, இன்னொன்று.

"ஏங்கம்மா, மெஷின் கொழம்பிப் போச்சுங்க. ஒரே கலர்ல துணி இல்லீங்களா?"

நர்மதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீளவாக்கில் ஓடும் பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை பச்சை. உடம்பில் கட்டி நடந்தால் இது ஒரு நேரம், அது ஒரு நேரம் தலைகாட்டும், அதுதான் மயில்கழுத்து. சுவர் நடக்காது என்பது பட்டு நெய்தவளுக்கு அங்கே வந்த பிறகுதான் உறைத்தது.

"ஒரு அட்டை குடு சாமி."

துண்டின் ஓரத்தைப் பிரித்து நீல இழைகளை உருவி அட்டையில் நெருக்கமாகச் சுற்றினாள். மெஷின் இப்போது தெளிவான நீலத்தைக் காட்டியது. பிறகு பச்சையைச் சுற்றியவள், பாதியில் கையை நிறுத்திப் பார்த்தாள். மாமனாரின் பச்சைக்கு மிகவும் கிட்டத்தில் இருந்தது அது. இத்தனை வருஷம் அவள் பட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

கடையிலிருந்தே குமாரபாளையத்துக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, மேக்குச் செவுத்துல மாமாவோட பச்சையேதானுங்க, புதுசா ஒரு கை அடிச்சுடறேன். கெழக்கால மட்டும் நீலம் அடிக்கறேன்."

"ஏன், பச்சைக்கு என்ன கேடு வந்துச்சு? எங்கப்பன் ஊட்டுல உனக்குத் தனியா ஒரு செவுரு வேணுமாக்கும்?"

"ஆமாங்கண்ணி. ஒண்ணே ஒண்ணு."

அந்தப் பக்கம் கந்தம்மாள் டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"அப்பா நாற்காலிய எந்தப் பக்கம் பாத்துப் போடுவ?"

"நீங்க வந்தா பச்சையப் பாத்து. மத்த நாள்ல நான் நீலத்தப் பாத்து உக்காந்துக்கறேன்."

"அந்த டீப்பாயத் தூக்கிப் போட்டுறாத."

"அது எங்கீங்க போவுது, ஆடிக்கிட்டே நிக்குது."

"அடிச்சுத் தொலை, போ" என்றாள் கந்தம்மாள். குரலில் சூடு இல்லை.

இரண்டு டப்பாக்களோடு நர்மதா ராசிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நீல டப்பா மடியில், பச்சை டப்பா காலடியில்.

திங்கட்கிழமை காலை சென்றாயன் கிழக்குச் சுவரில் வேலையைத் தொடங்குகிறார்.