அப்பா ஓட்டிப் பார்த்த கார்கள்

அப்பாவிடம் கார் ஓட்டும் லைசென்ஸ் இருந்தது, கார் இருந்ததில்லை. அவர் குமாஸ்தாவாக வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் அவசரத்துக்கு வேனை எடுக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அதற்காக இருபத்தெட்டு வயதில் எடுத்த லைசென்ஸ் அது. நான் பிறப்பதற்கு முன்பே வேனை விற்றுவிட்டார்கள். ஆனாலும் காலாவதியாகும் ஒவ்வொரு முறையும் அப்பா ஒருநாள் லீவு போட்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸில் வரிசையில் நின்று புதுப்பித்துக்கொண்டு வருவார். "எதுக்குங்க இது?" என்று அம்மா கேட்டால், "இருக்கட்டும்," என்பார்.

தொண்ணூற்றெட்டில் எனக்கு வேலை கிடைத்தது. மெக்கானிக்கல் படித்திருந்தேன், இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவு. அதே வருடம் அப்பாவின் கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பக்கவாட்டுப் பார்வை மெல்லக் குறையும். சொட்டு மருந்தால் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது.

"வண்டி ஓட்டலாமா?" என்று அப்பா கேட்டார்.

"இப்ப ஓட்டலாம். அடுத்த ரினீவலுக்கு நான் கையெழுத்து போடுவேனான்னு கேட்டா சொல்ல முடியாது."

அடுத்த ரினீவலுக்கு ஒன்றரை வருடம் இருந்தது. அதற்குள் அவருக்கு ஒரு கார் வாங்கிவிடுவது என்று, எங்கள் வீடு இருந்த ஈஜிபுராவுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

முதலில் புதிய கார்களைத்தான் பார்த்தோம். ஷோரூமில் அப்பா எந்தக் காரையும் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார். வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த விலையைப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான்: புதிய காரில் நாம் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு புதுசு என்ற சொல்லுக்கு. ரோட்டில் இறங்கிய அன்றே அது போய்விடும். மூன்று நான்கு வருடம் ஓடிய, ஒரே கையில் இருந்த கார்தான் விலைக்குத் தகும்.

ஆகவே ஒரு பட்டியல் தயாரித்தேன். நாற்பத்து மூன்று கேள்விகள், ஆபீஸ் பிரின்டரில் எடுத்தது. ஆயில் மூடியின் உள்பக்கம் வெண்மையாகக் கசடு இருக்கிறதா? டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? மீட்டரில் ஓடிய தூரம் குறைவு என்றால், பிரேக் பெடலின் ரப்பர் ஏன் மொழுமொழுவென்று இருக்கிறது? கைக்குட்டையில் ஒரு காந்தம் சுற்றி வைத்திருந்தேன். கதவில் வைத்து நழுவவிட்டால், பட்டி பூசிப் பெயின்ட் அடித்த இடத்தில் பிடிக்காமல் விழும். பத்தொன்பதாவது கேள்வி முதல் இருபத்தேழாவது வரை சத்தங்கள். அதற்கு அப்பா ஓட்டுவார். நான் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். கண் திறந்திருந்தால் காது பாதிதான் வேலை செய்யும் என்பது தொழிற்சாலையில் கற்றது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளம்பரங்களில் வட்டம் போட்டுக்கொண்டு கிளம்புவோம். லிங்கராஜபுரத்தில் ஒன்று, கோரமங்களாவில் ஒன்று என்று ஒரு நாளைக்கு இரண்டு வண்டிகள். விற்பவர்கள் வீட்டுக்குள் கூப்பிட்டு காபி கொடுப்பார்கள். காரைத் துடைத்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார்கள். அவர்கள் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வராது. "நோடோணா சார்," என்பார். பார்க்கலாம் என்பதற்குக் கன்னடம். தமிழ்க்காரர்களிடமும் அதையே சொல்லிவிட்டு வருவார். யாரும் அதற்குப் பிறகு எங்களுக்குப் போன் செய்ததில்லை.

"பொண்ணு பாக்கப் போற கூட்டம் மாதிரிதான் இருக்கு ரெண்டு பேரும்," என்பாள் அம்மா. "காபியக் குடிச்சிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்னு வந்துடறது. என்னைக்காவது தட்டு மாத்துவீங்களா இல்லையா?"

"அவ லிஸ்ட்ல பாஸாகணுமே," என்பார் அப்பா.

"இவளப் பாக்க வர்றவன நெனச்சா பாவமா இருக்கு."

ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று. இருபத்தாறு கார்கள். எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று இருந்தது. இரண்டில் மட்டும் அப்பா, "பரவாயில்லயே, இதுக்கென்ன?" என்றார். இரண்டிலும் புகை நீலமாக வந்தது, இன்ஜினில் ஆயில் எரிகிறது என்று காட்டினேன். சரி என்றார்.

இருபத்தேழாவது அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில். ரிடையரான கன்னடக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் மட்டும் இருந்த வீடு. வெள்ளைக் கார், ஆறு வருடம், ஒரே கை. காந்தம் எங்கும் விழவில்லை. பெரியவர் சாவியை அப்பாவின் கையில் கொடுத்து, "பன்னி சார், நீவே ஓடிஸி நோடி," வாங்க, நீங்களே ஓட்டிப் பாருங்க என்றார். பெரியவர் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால்.

கண்ணை மூடினேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. ஏரியை ஒட்டிய ரோட்டில் திரும்பும்போது கண்ணைத் திறந்துவிட்டேன். அப்பா வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கை முன்பக்கம் தெரிய, திரும்பப் போகிறேன் என்று காட்டிக்கொண்டிருந்தார். இண்டிகேட்டரும் எரிந்துகொண்டிருந்தது. வீட்டில் எப்போதும் சற்றுக் கூனியிருக்கும் முதுகு சீட்டில் நேராகச் சாய்ந்திருந்தது. ஸ்பீட் பிரேக்கர் வந்தபோது, தூங்கும் குழந்தையைத் தாண்டுவதுபோல அதன்மேல் ஏற்றி இறக்கினார். வாய்க்குள் ஏதோ பாட்டு. அவர் பாடி நான் கேட்டதில்லை. ஏழெட்டு நிமிடம் இருக்கும். அதற்குமுன் இருபத்தாறு கார்களில் அவர் ஓட்ட, நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

இறங்கியதும் அப்பா சாவியைத் திருப்பிக் கொடுக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

நாற்பத்தொன்றாவது கேள்வி மிச்சமிருந்தது. சேஸிஸ் எண்ணில் ஓர் இலக்கம் துருவில் மங்கி, மூன்றா எட்டா என்று தெரியவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் மூன்று. திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடலாம், ஒரு நாள் வேலை. பெரியவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன், "நோடோணா அங்கிள். ரெண்டு நாள்ல சொல்றோம்."

அந்தச் சொல் அதுவரை அப்பாவுடையது. நான் அதை நேர் அர்த்தத்தில் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை, எண் மூன்றுதான் என்று உறுதியான பிறகு, ஆபீஸிலிருந்து போன் செய்தேன். ஞாயிறு சாயங்காலமே கொடுத்துவிட்டதாகப் பெரியவர் சொன்னார். தமிழர்கள் நிறைய இருக்கும் அல்சூர்க்காரர், தமிழ் நன்றாகவே பேசினார்.

"ரெண்டு நாள்ல சொல்றோம்னு சொல்லியிருந்தோமே அங்கிள்."

"நீங்க நோடோணான்னுல்லமா சொன்னீங்க. நானும் மூணு பொண்ணுக்கு வரன் பாத்தவன். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு குரலை இறக்கி, "உங்கப்பா நல்லா ஓட்டினாரு. அவருக்கே குடுக்கணும்னு எங்க வீட்ல சொன்னாங்க," என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"விடு கண்ணு. ரிவர்ஸ் கியர் கொஞ்சம் டைட்டாத்தான் விழுந்துது," என்றார்.

டைட்டாக விழவில்லை. பதினாறாவது கேள்வி அது; 'நன்று' என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தேன்.

அதற்குப் பிறகு நான்கு கார்கள் பார்த்தோம். லிஸ்ட்டை நான் எடுத்துப் போகவில்லை. அப்பா எல்லாவற்றையும் தானே வேண்டாம் என்றார். ரினீவல் வந்தபோது டாக்டர் படிவத்தைப் பார்த்துவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டார்.

மூன்று வருடம் கழித்து, லோன் போட்டுப் புதுக் காரே வாங்கினேன். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டு நான்தான் ஓட்டுகிறேன். ஆபீஸில் யாராவது பழைய கார் வாங்கினால் பார்த்துச் சொல்லும்படி என்னைக் கூட்டிப்போவார்கள். போகிறேன், விலைக்குத் தகுமா தகாதா என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிறு காலை அப்பாவை ஊருக்கு வெளியே, மனை பிரித்துப் போட்டு இன்னும் வீடே எழும்பாத ஒரு லேஅவுட்டுக்கு அழைத்துப் போனேன். அகலமான ரோடு, ஆளே இல்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி, அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"நீங்க ஓட்டுங்கப்பா. யாரும் வரமாட்டாங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

அவர் ரோட்டின் கடைசிவரை பார்த்தார். எவ்வளவு தெரிந்ததோ.

"வண்டி இல்லாம இத்தனை வருஷம் லைசென்ஸ் வெச்சிருந்தேன். இப்ப லைசென்ஸ் இல்லாம வண்டி ஓட்டச் சொல்றியா? போ, ஏறு."

ஏறினேன். பின்சீட்டில் அல்ல. ரோட்டின் முனைவரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தேன். பாதி வழியில், "தேர்டு போடு, இன்ஜின் கேக்குது பார்," என்றார். போட்டேன்.